பொருட்பாலும் பால்மரமும்

இறைமாட்சி அதிகாரத்தில் அரசின் பொருளாட்சியை எடுத்துரைக்கும் குறள் ஒன்று உண்டு. வருவாய்க்குரிய வழிகளைப் புதிது புதிதாக உண்டாக்குவதும், வந்ததை ஓரிடத்தே தொகுப்பதும், தொகுத்தது சிதையாமற் பேணுவதும், பேணியதைக் கூறுபடுத்தி உரியவரிடம் சேர்ப்பதும் ஆகிய நான்கிலும் திறமை உடையதே அரசு என்பது அதன் கருத்து. 385ஆம் குறளாகிய இதனைத் தமிழ்ப் பள்ளிகளில் விளக்கும் ஆசிரியர்கள் முதல் மூன்றுக்கும் எடுத்துக்காட்டுத் தேடி அலைவர். நான்காவதற்கு வந்ததும் 'செலவு செய்தல்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது பெரும்பாலும் வழக்கமாக உள்ளது. அடுத்த பாடவேளை கணக்காயின், அதே மாணவர் வகுத்தல் என்னும் அதே சொல்லை மீண்டும் சந்திக்கின்றனர். ஆங்கே செலவு என்னும் பேச்சுக்கே இடமில்லை. எத்தனை பேர், ஒருவருக்கு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று மூன்றையும் எழுதினால்தான் விடை சரியாகும். குறளில் நிற்கும் சொல்லும் கணக்கில் நிற்கும் சொல்லும் ஒன்றே என்பதை மாணவர்க்கு எடுத்துக்காட்டும் ஆசிரியர் மிகச் சிலரே.

இக்குறளை உரைத்துப் பார்ப்பதற்குப் பேராக் மாநிலத்தைவிடச் சிறந்த உரைகல் மலேசியாவில் இல்லை. இம்மாநிலத்தின் பெயருக்கே மலாய் மொழியில் வெள்ளி என்பது பொருள். இதன் மண்ணுக்குள் ஈயம் இருந்தது. மண்ணுக்குமேல் பால்மரம் தழைத்தது. இவ்விரண்டு செல்வத்தையும் அரசுகள் எவ்வாறு ஆண்டன என்னும் வரலாறு ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீள்கிறது. அவ்வரலாற்றில் இருமுறை ஆட்சியாளர் விலையைக் கையால் பிடித்து நிறுத்த முயன்றனர். 1922இல் இரப்பர் விலையைப் பிடித்தவர் ஆங்கிலேயர். 1981இல் ஈயத்தின் விலையைப் பிடித்தவர் மலேசியர். இருமுறையும் தோல்வியே கண்டனர். தோற்றவர் ஒருவர், தோல்விக்கு விலை கொடுத்தவர் வேறொருவர் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதலில் உரையைக் காண்போம். பொருள் என்பதற்கு மணி, பொன், நெல் முதலியவற்றை எடுத்துக்காட்டும் பரிமேலழகர், அவை வரும் வழிகளாக மூன்றைக் குறிக்கின்றார்: பகைவரை வென்று கொள்வது, திறையாகப் பெறுவது, தன் நாட்டைப் பேணி வளர்ப்பது. இவற்றுள் முதல் இரண்டும் முடியரசர் காலத்தோடு ஒழிந்தன என்றும், மூன்றாவதே இக்காலத்துக்கு உரியது என்றும் எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அது முற்றும் பொருந்தாது. குடியேற்ற ஆட்சிக்கு மலாயா 'தன் நாடு' அன்று. அது திறை தரும் நாடு. ஆயினும் வேல் ஏந்திச் சென்று திறை கொண்ட காலம் போய், இலண்டன் சந்தையில் இராத்தல் இத்தனை ஷில்லிங் என்று திறை கொள்ளும் காலம் வந்தது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளாமல் 1922ஆம் ஆண்டுத் திட்டத்தை விளங்கிக்கொள்ள இயலாது. 1957க்குப் பின் வந்த ஆட்சிகளுக்கோ இந்தச் சாக்கும் இல்லை. அவற்றிற்கு இது தன் நாடேயாம்.

இனி நான்காவது தொழிலாகிய வகுத்தலுக்குப் பரிமேலழகர் கூறும் விளக்கம் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. அறம், பொருள், இன்பம் என மூன்று பங்காக அவர் பிரிக்கின்றார். அறத்தின் பங்கில் கடவுளரும் அந்தணரும் வறியவரும் வருகின்றனர். பொருளின் பங்கில் யானை, குதிரை, நாடு, அரண் முதலியன வருகின்றன. இன்பத்தின் பங்கில் மண்டபமும் குளமும் செயற்கைக் குன்றும் சோலையும் வருகின்றன. இப்பட்டியலில் பொருளை விளைத்தவன் எங்கே? நெல் விளைத்த உழவனும் மணி எடுத்த தொழிலாளியும் 'விளைத்தவர்' என்னும் உரிமையில் இடம் பெறவில்லை. ஏழையாகிவிட்டால் அறத்தின் பங்கில் சிறிது பெறலாம், அவ்வளவே. இது உரையாசிரியரின் குறை என்று சொல்வதைவிட அவர் வாழ்ந்த காலத்தின் எல்லை என்பதே பொருந்தும். குறளின் சொல்லோ அவ்வெல்லைக்குள் அடங்குவதன்று. 'கொடுத்தல்' என்று வள்ளுவர் சொல்லியிருக்கலாம். ஈகைக்குத் தனி அதிகாரமே வகுத்தவர் அவர். ஈண்டு அச்சொல்லை விடுத்து வேறு சொல்லை ஆண்டது, இது கொடையன்று, பங்கீடு என்பதைக் காட்டவே என்று கொள்வதில் தவறில்லை.

பேராக்கின் பால்மர வரலாறு கோலகங்சாரில் தொடங்குகிறது. 1877இல் சிங்கப்பூர் வழியாக வந்த இரப்பர்க் கன்றுகளுள் சில, பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த சர் ஹியூ லோவின் காலத்தில் அங்கு நடப்பட்டன. அவற்றுள் ஒரு மரம் இன்றும் அந்நகரில் வேலியிட்டுக் காக்கப்பட்டு வருகிறது. கன்று வந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் மோட்டார் வண்டியின் சக்கரம் உலகெங்கும் உருளத் தொடங்கிற்று. 1910இல் இலண்டனில் இரப்பர் இராத்தல் 12 ஷில்லிங்கையும் தாண்டியது. காடுகள் கித்தாக் காடுகளாயின. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறிய தமிழர் பினாங்குத் துறையில் இறங்கிக் கங்காணியின் பின்னே நடந்து பேராக்கின் தோட்டங்களை அடைந்தனர். இப்பகுதியை இவ்வளவில் நிறுத்தலாம். பாட்டன் பாட்டி வாய்மொழியாக இக்கதையைக் கேளாத வீடு தோட்டத்தில் இல்லை.

முதல் உலகப் போர் முடிந்ததும் மிகை விளைச்சலும் வாணிக மந்தமும் ஒன்றுசேர்ந்தன. 1921இல் விலை ஒரு ஷில்லிங்குக்கும் கீழே சரிந்தது. இலண்டனில் குடியேற்ற நாட்டு அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், சர் ஜேம்ஸ் ஸ்டீவன்சன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். அக்குழு வகுத்த திட்டம் 1922 நவம்பர் முதல் நாள் மலாயாவிலும் இலங்கையிலும் நடைமுறைக்கு வந்தது. 1919 நவம்பர் முதல் 1920 அக்டோபர் வரை ஒரு தோட்டம் விளைத்த அளவு அதன் நியம விளைவு எனக் கொள்ளப்பட்டது. அதில் நூற்றுக்கு 60 பங்கைக் குறைந்த வரியில் ஏற்றுமதி செய்யலாம். அதற்குமேல் ஏற்றுமதி செய்தால் ஏறுமுகமான வரி. இலண்டன் விலை ஒரு ஷில்லிங் 3 பென்சை எட்டினால் அளவு சிறிது தளர்த்தப்படும், எட்டாவிட்டால் இறுக்கப்படும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இக்கணக்கு பார்க்கப்படும்.

தாளில் பார்த்தால் இத்திட்டத்தில் குறையொன்றும் தெரியவில்லை. குறையெல்லாம் தாளுக்கு வெளியே இருந்தது. ஒரு வினையில் இறங்குமுன் அவ்வினையின் வலிமை, தன் வலிமை, எதிர்ப்போன் வலிமை, இரு பக்கத்துத் துணைவரின் வலிமை ஆகிய நான்கையும் எடைபோட வேண்டும் என்று வலியறிதல் அதிகாரம் தொடங்குகிறது. ஸ்டீவன்சன் குழு தன் வலிமையை மட்டும் எடை போட்டது. உலக இரப்பரில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிகளில் விளைந்ததால், தாம் கதவைச் சாத்தினால் உலகம் தம் வாயிலில் வந்து நிற்கும் என்று நம்பினர். பக்கத்திலிருந்த டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் (இன்றைய இந்தோனேசியா) திட்டத்தில் சேர மறுத்தன. மறுத்தது தெரிந்தும் திட்டம் நிறுத்தப்படவில்லை.

மரத்தின் இயல்பையும் அவர்கள் கணக்கிற் கொள்ளவில்லை. கன்று நட்டு ஆறேழு ஆண்டு கழிந்தாலன்றிப் பால்மரம் கத்திக்கு வாராது என்பது தோட்டத்துச் சிறுவனும் அறிந்த செய்தி. விலையை உயர்த்தினால் அயல்நாட்டான் புதிதாக நடுவான். அவன் நட்ட மரம் ஆறேழு ஆண்டுக்குப் பின் பால் சுரக்கும். அப்போது விலை என்னவாகும்? இவ்வினாவை எழுப்பக் கல்லூரிப் படிப்பு வேண்டியதில்லை. 1925இல் அமெரிக்காவில் மோட்டார் வண்டிகள் பெருகியபோது விலை 4 ஷில்லிங்குக்கு மேல் ஏறிற்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அசையும் திட்டம் அவ்வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. சுமத்திராவிலும் போர்னியோவிலும் சிற்றுடைமையாளர் காடு வெட்டிக் கன்று நட்டனர். அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 1926இல் ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் பத்து இலட்சம் ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. ஹென்றி ஃபோர்டு பிரேசில் நாட்டு அமேசான் காட்டில் ஓர் ஊரையே எழுப்பினார் (அவ்வூர் பின்னர்ப் பாழாயிற்று, அது வேறு கதை). பழைய இரப்பரை உருக்கி மீண்டும் பயன்படுத்தும் தொழிலும் வளர்ந்தது. 1928 ஏப்ரலில் பிரிட்டிஷ் அரசு தன் தோல்வியை ஒப்பியது. அவ்வாண்டு நவம்பரில் திட்டம் முடிவுற்றது. அதற்குள் உலக விளைச்சலில் ஆங்கிலேயர் பகுதிகளின் பங்கு ஏறக்குறைய பாதியாகக் குறுகிவிட்டிருந்தது. காத்தல் என்று எண்ணிச் செய்த செயல், இயற்றும் வழியையே அடைத்தது என்க.

திட்டத்துக்கு ஆதரவாக ஒரு வாதம் உண்டு. விலை உயர்ந்ததால் தோட்டங்கள் பிழைத்தன. தோட்டம் பிழைத்தால் தொழிலாளியும் பிழைப்பான் என்பது அவ்வாதம். இதனை அப்படியே தள்ளிவிடுதல் நேர்மையன்று. 1921இல் வேலை இழந்தோர் பட்ட துன்பம் பெரிது. விலை ஏறியபின் வேலை பெருகியது உண்மை. ஆனால் 'பிழைத்தல்' என்னும் சொல்லுக்கு இரு தரப்பிலும் ஒரே அளவு உண்டா என்று பார்த்தல் வேண்டும். ஒரு ஷில்லிங்குக்கும் கீழே கிடந்த விலை 4 ஷில்லிங்கைத் தாண்டியபோது கூலி நான்கு மடங்கு ஆகவில்லை. 1920களின் பிற்பகுதியில் நிறுவப்பட்ட நியமக் கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. (பெண் வெட்டிய மரம் ஐந்தில் ஒரு பங்கு பாலைக் குறைத்தா கொடுத்தது?) கட்டுப்பாட்டுக் காலத்தில் தோட்டத்தின் ஒரு பகுதி மரங்களுக்கு ஓய்வு கொடுப்பதும் உண்டு. ஓய்ந்த மரம் தழைக்கும். நாட்கூலிக்காரனுக்கு ஓய்வு என்றால் அன்று கூலி இல்லை.

மலாய்ச் சிற்றுடைமையாளர் அடைந்த இழப்பையும் இவ்விடத்தில் மறத்தலாகாது. ஏற்றுமதி அளவை விதித்தபோது, அவர்களின் மரங்கள் உண்மையில் தரக்கூடியதைவிடக் குறைவாக மதிப்பிடப்பட்டன. புதிதாக இரப்பர் நட நிலமும் மறுக்கப்பட்டது. 1934இல் டச்சுக்காரரையும் சேர்த்துக்கொண்டு மீண்டும் ஒரு பன்னாட்டுக் கட்டுப்பாடு ஏற்பட்டபோதும் இதே முறைகேடு தொடர்ந்தது. போருக்குப்பின் மலாயாவுக்கு வந்து சிறுதோட்டங்களை நேரில் பார்த்த பொருளியல் அறிஞர் பி. டி. பாயர், 1948இல் வெளிவந்த தம் நூலில் இதனை விரிவாக எடுத்துக்காட்டினார். பெருந்தோட்டங்களைக் காப்பதற்காகச் சிறுதோட்டங்கள் ஒடுக்கப்பட்டன என்பது அவர் கண்ட முடிபு. ஆகவே பால்மரப் பொருளாட்சியில் தவறிழைக்கப்பட்டோர் ஓர் இனத்தார் மட்டும் அல்லர். வகுத்தற் கணக்கில் இருவர் பெயரும் ஒருங்கே விடுபட்டுள்ளன.

தமிழர்க்கு நேர்ந்தது இன்னும் கொடிது. மரத்துக்கு அளவு விதித்தவர்கள் மனிதர்க்கும் அளவு விதித்தனர். விலை உயர்ந்திருந்த 1926ஆம் ஆண்டில் மட்டும் தென்னிந்தியாவிலிருந்து மலாயாவுக்கு வந்தோர் தொகை ஒன்றரை இலட்சத்தைத் தாண்டியது. உலகப் பொருளாதார மந்தம் சூழ்ந்து விலை சரிந்ததும் 1930 முதல் 1932 வரை ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் அரசுச் செலவிலேயே திருப்பி அனுப்பப்பட்டனர். சரக்குக் கிடங்கில் இருப்பைக் கூட்டிக் குறைப்பது போன்றது இது. எஞ்சியோருக்கு 1930இல் கூலி 40 காசாகவும் 32 காசாகவும் வெட்டப்பட்டது. பின்னர் மேலும் சரிந்தது. 1936 இறுதியில் இந்திய அரசின் சார்பில் வந்த சீனிவாச சாஸ்திரியார் பழைய கூலியை மீட்குமாறு பரிந்துரைத்தார். கூலி மீண்டது, ஆனால் 1938இல் தோட்ட முதலாளிகள் மறுபடியும் குறைத்தனர். அவ்வாண்டு ஜூன் 15ஆம் நாள் முதல் தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதையே இந்திய அரசு தடுத்துவிட்டது. ஐந்து காசைக் குறைத்ததால், நெடுங்காலமாக வந்துகொண்டிருந்த தொழிலாளர் வரத்தை முதலாளிகள் இழந்தனர். திறமையற்ற ஆட்சிக்கும் பேராசைக்கும் இடையே எல்லை எங்கே என்று காண்பது சில வேளைகளில் அரிதாகிறது.

இவையெல்லாம் அன்னியன் ஆட்சியில் நடந்தவை என்று ஆறுதல் கொள்வோர் ஈயத்தின் கதையையும் அறிதல் வேண்டும். ஈப்போ நகரம் ஈயத்தால் எழுந்தது. கிந்தாப் பள்ளத்தாக்கில் இத்தொழில் பெரும்பாலும் சீனத் தொழிலாளர் கையில் இருந்தது எனினும், அந்நகரின் கடை, பட்டறை, போக்குவரத்து அனைத்தும் ஈயத்தையே நம்பியிருந்தன. தோட்டத்தை விட்டு வெளியேறிய தமிழ் இளைஞர் வேலை தேடி வந்ததும் ஈப்போவுக்கே. 1981இல் ஈயத்தின் விலை தளர்ந்திருந்தது. மலேசிய அரசு 'மாமின்கோ' என்னும் நிறுவனத்தின் வழியாக இலண்டன் உலோகச் சந்தையில் மறைவாக ஈயம் வாங்கத் தொடங்கிற்று. சந்தையிலுள்ள ஈயத்தை எல்லாம் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டால், விற்பதாக வாக்களித்தவர்கள் தன்னிடமே வந்து கேட்ட விலைக்கு வாங்க வேண்டியிருக்கும் என்பது நோக்கம். விலை ஏறியது. ஏறிய விலையைக் கண்டு உலகின் மூலை முடுக்குகளிலிருந்தெல்லாம் ஈயம் சந்தைக்கு வந்தது. அமெரிக்க அரசும் தன் சேமக் கிடங்கிலிருந்து விற்றது. 1982 பிப்ரவரியில் சந்தையே விதியைத் திருத்தி, சரக்கைத் தர இயலாத விற்பனையாளர் தண்டம் கட்டித் தப்பிக்க வழி செய்தது. விலை விழுந்தது. உயர்ந்த விலைக்கு வாங்கிய ஈயம் அரசின் கையில் தங்கிற்று. இலண்டன் சந்தையில் வாங்கியவர் யார் என்பதை அரசு மக்களுக்கு ஒப்புக்கொண்டது 1986இல்தான்.

வரப்போகும் இலாபத்தில் மயங்கிக் கையிலிருப்பதையும் பறிகொடுக்கும் வினையை அறிவுடையோர் தொடங்கார் என்று தெரிந்துசெயல்வகை அதிகாரம் எச்சரிக்கிறது. இக்குறளுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். மாமின்கோவின் தோல்விக்குப் பின்னர், பன்னாட்டு ஈய மன்றமும் விலையைத் தாங்கிப் பிடிக்கப் பணமின்றி 1985 அக்டோபர் 24ஆம் நாள் கைவிரித்தது. விலை ஏறக்குறையப் பாதியாயிற்று. கிந்தாவின் ஈயச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பள்ளத்தாக்கெங்கும் ஈயக்குட்டைகள் எஞ்சின. பத்து காஜாவுக்கு அருகே தஞ்சோங் துவாலாங்கில் ஓர் ஈயக்கப்பல் இன்று காட்சிப்பொருளாக நிற்கிறது. ஈயம் வீழ்ந்ததற்கு மாமின்கோ ஒன்றே காரணம் என்று சொல்வது மிகையாகும். மண்ணில் ஈயம் குறைந்து வந்தது. அலுமினியமும் நெகிழியும் அதன் இடத்தைப் பற்றின. ஆனால் ஒரு வீடு சாயும் நேரத்தில் வீட்டுக்காரன் செய்ய வேண்டியது குடியிருப்போருக்கு வேறிடம் தேடுவது. அப்பணத்தைச் சூதாட்டத்தில் வைப்பது அன்று. மாமின்கோவில் போன பணத்தை, வேலை இழக்கவிருந்த கிந்தா மக்களின் மறுவாழ்வுக்கு முன்கூட்டியே செலவிட்டிருந்தால் என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

இரு நிகழ்ச்சிகளுக்கும் அறுபது ஆண்டு இடைவெளி. இனம் வேறு, ஆட்சி வேறு, பொருள் வேறு. பிழை மட்டும் ஒன்றே. காத்தல் என்பதை ஆட்சியாளர் விலையைக் காத்தல் என்று பொருள் கொண்டனர். குறளிலோ காக்கப்படுவது தொகுத்த பொருள். காப்பது எதற்கு எனின் வகுப்பதற்கு. மூன்றாவது தொழில் நான்காவதை நோக்கி நிற்கிறது. நான்காவது மனத்தில் இல்லாதபோது மூன்றாவது திசை தவறுகிறது. சொல் வைப்புமுறையில் வள்ளுவர் காட்டும் இந்நுட்பத்தை, நான்கையும் தனித்தனி எண்ணிட்டு மனப்பாடம் செய்விக்கும் பாடமுறை மறைத்துவிடுகிறது.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் வகுத்தலுக்கு நல்லதொரு வாய்ப்பு வந்தது. அதுவும் தவறிற்று. 1950களில் ஆங்கிலேய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டனர். வாங்கிய வணிகர் அவற்றைத் துண்டு துண்டாக்கிக் கூறுபோட்டு விற்றனர். தோட்டம் துண்டானபோது லயமும் வேலையும் பள்ளியும் ஒருங்கே போயின. பேராசிரியர் உங்கு அப்துல் அசீஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகம் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து பெருநூலாக வெளியிட்டது. அரசு விழித்துக்கொள்ளுமுன் பல தோட்டங்கள் மறைந்துவிட்டன. 1956இல் தோன்றிய பெல்டா நிலக் குடியேற்றத் திட்டம் நிலமற்றோர்க்கு நிலம் கொடுத்தது. அது பாராட்டுக்குரிய வகுத்தலே. ஆனால் பால்மரத்தைப் பிறப்பு முதல் அறிந்த தோட்டத் தொழிலாளருள் அதில் இடம் பெற்றவர் மிகச் சிலர்.

அடுத்து வந்தது வேலை அனுமதிச் சீட்டு. 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியுரிமை இல்லாதோர் 1969 முதல் அனுமதி பெற்றே வேலை செய்ய வேண்டியதாயிற்று. தோட்டத்திலேயே பிறந்தும் தாள் இல்லாத காரணத்தால் குடியுரிமை பெறாதிருந்தோர் பலர். பல்லாயிரவர் கப்பலேறி இந்தியாவுக்குச் சென்றனர். அவர்களுள் பலர் அந்நாட்டை அதற்குமுன் கண்ணாற் கண்டதில்லை. பதினைந்து ஆண்டு கழிவதற்குள் தோட்டங்களில் ஆள் இல்லை என்னும் கூக்குரல் எழுந்தது. 1984இல் இந்தோனேசியாவிலிருந்து தோட்டத் தொழிலாளரைக் கொண்டுவர அந்நாட்டோடு மேடானில் ஒப்பந்தம் செய்யப்பட்டது. பழகிய கையை அனுப்பிவிட்டுப் பழகாத கையை விலைகொடுத்து அழைத்த இச்செயலை, எந்தப் பொருளியல் நூலின் எந்த அதிகாரத்தில் சேர்ப்பது?

அரசு செய்யத் தவறிய வகுத்தலைத் தொழிலாளரே செய்த வரலாறு ஒன்றும் பேராக்கோடு தொடர்புடையது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டாடப்படும் தோட்டங்களைத் தொழிலாளரே வாங்குவது அதன் நோக்கம். நாட்கூலியில் வாழ்ந்தவர்கள் மாதம் 10 வெள்ளி கட்டினர். 1961இல் கெடா மாநிலத்தில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. சம்பந்தன் அப்போது அமைச்சராகவும் இருந்தார். அமைச்சரவையில் இருந்தவரே அரசின் கருவூலத்தை எதிர்பாராமல் தொழிலாளியின் மடியிலிருந்து பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்ட நேர்ந்தது அவருக்குப் பெருமை. அரசுக்கு அது பெருமையாகாது. இச்சங்கத்தைப் புகழ்ந்து பேசுவோர் இரண்டாம் பகுதியை விட்டுவிடுகின்றனர்.

இன்று பேராக்கின் பழைய கித்தாக் காடுகளுட் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. கத்தியும் ஒட்டுப்பால் வாளியும் அறியாத பேரப்பிள்ளைகள் ஈப்போவின் புறநகர்களில் வளர்கின்றனர். தோட்டப் பள்ளிகள் மட்டும் பல இடங்களில் இருந்த இடத்திலேயே நிற்கின்றன. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி அமைக்க வேண்டும் என விதித்ததால் எழுந்தவை அவை. அதாவது, பிள்ளைகளின் கல்வியைத் தன் கடமையாகக் கொள்ளாமல் முதலாளியின் செலவுக் கணக்கில் தள்ளிவிட்டது அன்றைய அரசு. அதன் விளைவாக நிலம் தோட்டத்துக்கு உரியதாயிற்று. நிலம் அரசுடையது அன்று என்பதால் அப்பள்ளிகள் நெடுங்காலம் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே வைக்கப்பட்டன. தோட்டம் கைமாறியபோதெல்லாம், அதில் பங்கே இல்லாத பள்ளியும் கைமாறும் நிலத்தின் நடுவே கலங்கி நின்றது. பிள்ளைகள் நகரில், பள்ளி செம்பனை நடுவே. எண்ணிக்கை குறைந்தது என்று பள்ளியைக் குறைகூறுவோர், எண்ணிக்கையைக் குறைத்த பொருளாட்சியை எண்ணிப் பார்ப்பதில்லை.

385ஆம் குறளை இத்தகைய பள்ளியில் கற்பிக்கும் ஆசிரியர்க்கு யானையும் குதிரையும் அரணும் எடுத்துக்காட்டாக வேண்டியதில்லை. நான்காவது சொல்லுக்கு நேரே 'செலவு' என்று எழுதியிருப்பதை அழித்துப் 'பங்கீடு' என்று கரும்பலகையில் எழுதலாம். எடுத்துக்காட்டுக் கேட்டால் பாட்டியின் பெட்டியில் கிடக்கும் கூட்டுறவுச் சங்கப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லலாம். மாதம் 10 வெள்ளியாகக் கட்டினால் 100 வெள்ளிப் பங்கு ஒன்று எத்தனை மாதத்தில் நிறைவுறும் என்பது மூன்றாம் வகுப்புக்கு ஏற்ற வகுத்தற் கணக்கு. நாளொன்றுக்கு இரண்டு மூன்று வெள்ளி பெற்றவர்கள் அக்கணக்கைப் போட்டுத்தான் தோட்டம் வாங்கினார்கள்.